திருகோணமலைத் துறைமுகமும் சிறு பாய்ப்படகுப் போட்டிகளின் காப்பு விதிகளும்: ஒரு வரலாற்று நோக்கு

துறைமுகங்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அங்கு வந்து தங்கிய பெருங்கப்பல்களின் வரலாற்றையே எழுதிச் செல்கின்றனர். திருகோணமலையும் இதற்கு விலக்கன்று. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரான்சியர், பிரித்தானியர் என வல்லரசுகள் ஒன்றன்பின் ஒன்றாக இத்துறையைக் கைப்பற்றிய கதை பலராலும் விரிவாக ஆராயப்பட்டுள்ளது. ஆயின் அதே நீர்ப்பரப்பிலே பாய் விரித்தோடிய சிறு படகுகளைப் பற்றியோ, அவற்றில் ஏறியோரின் உயிரைக் காப்பதற்கெனக் காலந்தோறும் வகுக்கப்பட்ட விதிகளைப் பற்றியோ நம்மவர் அதிகம் எழுதியதாகத் தெரியவில்லை. போர்க்கப்பலின் பீரங்கி வரலாறாகின்றது. படகோட்டியின் உயிர்காப்பு அங்கி வரலாறாவதில்லை.

இக்கட்டுரை அச்சிறிய பொருளையே எடுத்துக்கொள்கின்றது. பலவகைப்பட்ட சிறு பாய்ப்படகுகள் ஒருங்கே கலந்துகொள்ளும் உள்ளூர்ப் போட்டிகளில், ‘ஹண்டிகப்’ என்னும் காலச் சலுகை முறை எவ்வாறு தோன்றியது, அம்முறைக்கும் காப்புக் கருவிகள் பற்றிய விதிகளுக்கும் உள்ள தொடர்பு யாது, அவ்விதிகள் திருகோணமலைக் குடாவின் காற்றுக்கும் ஆழத்துக்கும் எவ்வாறு பொருந்துகின்றன என்பவற்றை ஆராய்வதே இதன் நோக்கமாகும். இப்பொருள் விளையாட்டோடு மாத்திரம் நின்றுவிடுவதன்று என்பதைக் கட்டுரையின் இறுதிப் பகுதி காட்டும்.

துறைமுகமும் காற்றும்

திருகோணமலையின் சிறப்பு அதன் அமைப்பிலேயே தங்கியுள்ளது. கிழக்கே வங்காள விரிகுடாவை நோக்கித் திறந்துள்ள கொட்டியாரக் குடாவும், அதன் வடபால் குன்றுகளாலும் தீவுகளாலும் சூழப்பட்ட உட்துறையும் ஒன்றோடொன்று இணைந்து கிடக்கின்றன. மகாவலி கங்கை கொட்டியாரக் குடாவிலேயே கடலை அடைகின்றது. குடாவின் அடித்தளத்தை ஊடறுத்துச் செல்லும் ஆழ்கடற் பள்ளத்தாக்கு கரைக்கு மிக அண்மையிலேயே தொடங்கிவிடுகின்றது. பெருங்கப்பல்கள் அச்சமின்றி உட்புகுவதற்கு இவ்வாழமே காரணமாயிற்று.

பாய்க்கப்பற் காலத்தில் இத்துறையின் பெறுமதி காற்றினாலேயே நிர்ணயிக்கப்பட்டது. வடகீழ்ப் பருவக்காற்று வீசத் தொடங்கியதும் சோழமண்டலக் கரையில் ஒதுங்கி நிற்பதற்கு நல்ல துறை இல்லை. சென்னையிலோ கப்பல்கள் திறந்த கடலிலேயே நங்கூரமிட வேண்டியிருந்தது. ஆதலால் அக்கரையில் ஆதிக்கம் செலுத்த விரும்பிய எவரும் திருகோணமலையை நாடினர். 1782 ஆம் ஆண்டில் பிரித்தானியர் சனவரியிலும் பிரான்சியத் தளபதி சவ்ரென் ஓகஸ்ட்டிலும் இதனைக் கைப்பற்றியமைக்கும், அவ்வாண்டு செப்டெம்பர் 3 ஆந் திகதி துறைக்கு வெளியே இருபெருங் கடற்படைகள் மோதிக்கொண்டமைக்கும் அடிப்படை இதுவே. அதற்கு நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்னரே, 1659 நவம்பரில் புயலிற் பாய்மரம் இழந்த ‘ஆன்’ என்னும் ஆங்கிலக் கப்பல் புதுமரம் தேடிக் கொட்டியாரத்திற்கே வந்தது. அதில் வந்த றொபேட் நொக்ஸ் 1660 இல் கண்டியரசனின் ஆட்களாற் சிறைபிடிக்கப்பட்டு ஏறத்தாழ இருபதாண்டுகள் இந்நாட்டில் வாழ நேர்ந்தமை யாவரும் அறிந்ததே.

சிறு படகுகளுக்கோ இதே காற்று வேறு முகங்காட்டுகின்றது. வாடைக் காலத்தில் வெளிக்கடல் கொந்தளித்தாலும் உட்துறையில் ஒதுங்கிடம் உண்டு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து நிலத்தைக் கடந்து வெப்பமாக வீசும் கச்சான் காலத்திலோ கரையோர நீர் அமைதியாகவே தோன்றும். கரையில் நிற்பவன் கடல் தூங்குகின்றதென்றே எண்ணுவான். உண்மையில் அக்காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசுவது. பாய்மரம் முறிந்த, சுக்கான் கழன்ற, கவிழ்ந்து நிமிர்த்த முடியாத படகு எதுவாயினும் அதனைக் கச்சான் குடாவின் வாயிலூடாக வங்காள விரிகுடாவிற்குத் தள்ளிச் செல்லும். புயற்காலத்தின் ஆபத்து எவர்க்கும் தெரிவது. 1964 டிசெம்பரில் திருகோணமலைப் பகுதியூடாக வடக்கைத் தாக்கிய புயலைக் கண்டோர் அதனை மறக்கவில்லை. கச்சானின் ஆபத்தோ அமைதியின் போர்வையில் வருவது. இந்த வேறுபாட்டை மனத்திற் கொண்டே பின்வருவனவற்றை நோக்குதல் வேண்டும்.

மூழ்காமையும் சமநிலையும்: நம்மவர் அறிவு

காப்பு விதிகள் மேனாட்டார் கண்ட புதுமை என எண்ணுவது தவறு. விதி எழுதப்படுவதற்கு முன்னரே அது மரத்திற் செதுக்கப்பட்டிருந்தது. கட்டுமரம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அது நீரை வெளியே நிறுத்தி மிதப்பதன்று. மரமாகிய தன் உடலாலேயே மிதப்பது. அலை அதன்மேற் புரண்டாலும், கவிழ்ந்தாலும் அது மூழ்குவதில்லை. தமிழ்ச் சொல்லாகிய கட்டுமரம் ஆங்கிலத்திற் புகுந்து இரட்டையுடற் படகுகளைக் குறிக்கும் உலகப் பொதுச் சொல்லாயிற்று. எனினும் சொல்லோடு அதன் தத்துவமும் அப்போதே சென்றிருக்குமாயின், மேனாட்டுச் சிறு படகுகளில் நேர்ந்த பல இறப்புகள் நேர்ந்திரா எனலாம்.

இலங்கைக் கரைகளில் வழங்கிய பக்க மிதவை கொண்ட படகுகளும் இத்தகையனவே. காற்று வலுக்குந்தோறும் மிதவையைப் படகோடு இணைக்கும் வளைகழிகளின்மேல் ஆட்கள் ஏறி நின்று படகைச் சமன் செய்வர். ஓராள் நிற்கவேண்டிய காற்று, ஈராள் காற்று, மூவாள் காற்று எனக் காற்றின் வலிமையை ஆட்கணக்கால் அளந்தனர் என்பதனை 19 ஆம் நூற்றாண்டில் இங்கு வந்த ஐரோப்பியர் வியந்து எழுதியுள்ளனர். படகின் வேகத்தையும் அதிலுள்ளோரின் காப்பையும் ஒரே அளவையால் மதிப்பிட்ட முறை இது. காற்றுக்கு ஏற்ற ஆளில்லையேல் பாய் விரிப்பதில்லை. பிற்காலப் போட்டி விதிகள் பல சொற்களாற் சொல்ல முயன்றதை இவ்வழக்கு இரு சொற்களாற் சொல்லிவிடுகின்றது.

அளவையால் விளைந்த ஆபத்து

பிரித்தானியாவிற் பாய்ப்படகுப் போட்டிகள் பெருகியபோது ஒரு சிக்கல் எழுந்தது. பெரிய படகும் சிறிய படகும் ஒருங்கே ஓடினால் பெரியதே வெல்லும். ஆகவே படகின் கொள்ளளவுக்கு ஏற்பச் சிறியதற்கு நேரத்தை விட்டுக்கொடுக்கும் முறை தோன்றியது. 1843 இல் ஜோர்ஜ் ஹொலண்ட் ஏக்கர்ஸ் என்பார் வகுத்த காலச் சலுகை அட்டவணை இத்துறையில் ஒரு முன்னோடி. 1855 இல் றோயல் தேம்ஸ் யொட் கழகம் கொள்ளளவைக் கணக்கிடப் புதிய சூத்திரம் ஒன்றை வகுத்தது. அச்சூத்திரத்திற் படகின் அகலம் இருமுறை பெருக்கப்பட்டது; ஆழமோ நேரடியாக அளக்கப்படவேயில்லை.

விளைவு யாது? அகலத்தைக் குறைத்தால் கணக்கிற் படகு சிறிதாகும்; சலுகை கூடும். ஆதலின் படகமைப்போர் ஆண்டுக்காண்டு அகலத்தைக் குறைத்து ஆழத்தைக் கூட்டினர். பலகையை நெடுக்காக நிறுத்தியதுபோன்ற படகுகள் தோன்றின. இப்போக்கின் எல்லையாக அமைந்தது 1886 இற் கட்டப்பட்ட ‘ஊனா’ என்னும் படகு. நீர்மட்டத்தில் ஏறத்தாழ 34 அடி நீளமுடைய அதன் அகலம் ஏறத்தாழ 5½ அடியே. அவ்வாண்டு மே மாதத்தில் அது அயர்லாந்தின் கிழக்குக் கரையோரம் புயலிற் சிக்கி உடைந்தது. அதிலிருந்த அனைவரும் மாண்டனர். அதனை வரைந்தமைத்த வில்லியம் எவன்ஸ் பேற்றனும் அவர்களுள் ஒருவர். 1887 ஆம் ஆண்டுப் போட்டிகளிலிருந்து அகலத்தைத் தண்டிக்கும் பழைய சூத்திரம் கைவிடப்பட்டு நீளத்தையும் பாய்ப்பரப்பையும் அடிப்படையாகக் கொண்ட விதி நடைமுறைக்கு வந்தது. ஓர் இழப்பு மட்டுமே இம்மாற்றத்திற்குக் காரணம் என்பதற்கில்லை. எனினும் ‘ஊனா’ தரும் பாடம் ஐயத்திற்கிடமற்றது: நேரத்தைப் பங்கிடுவதற்காக எழுதப்படும் விதி, எழுதியவர் எண்ணாமலே படகின் வடிவத்தையும் அதிலுள்ளோரின் வாழ்நாளையும் தீர்மானித்துவிடுகின்றது.

மிதப்பின் வரலாறு

படகின் காப்பு ஒருபுறமாக, மனிதனின் காப்பு வேறொரு வழியில் வளர்ந்தது. 1854 இல் பிரித்தானிய உயிர்மீட்புப் படகு நிறுவனத்தைச் சேர்ந்த கப்டன் வாட் என்பார் தக்கைத் துண்டுகளை அடுக்கித் தைத்த அங்கி ஒன்றை உருவாக்கினார். அது பருமனானது, துடுப்பு வலிப்போருக்கு இடைஞ்சலானது எனப் பலரும் ஒதுக்கினர். 1861 பெப்ரவரியில் விற்பி என்னும் ஊரின் மீட்புப் படகு கவிழ்ந்தபோது 13 பேரில் 12 பேர் மாண்டனர். உயிர் தப்பியவர் ஹென்றி பிறீமன் ஒருவரே; புதிய தக்கை அங்கியை அணிந்திருந்தவரும் அவர் ஒருவரே. அதன்பின் அவ்வங்கியின் பயனைப் பற்றி எவரும் வாதிடவில்லை.

20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தக்கையின் இடத்தை இலவம் பஞ்சு பிடித்தது. நம் வீடுகளில் தலையணைக்குப் பயன்படும் அதே பஞ்சு, மெழுகுத்தன்மை வாய்ந்த தன் இழைகளால் நீரை உள்ளே விடாது, தக்கையினும் இலேசானது. எண்ணெய் படிந்தாலோ நசுங்கினாலோ அது மிதக்கும் ஆற்றலை இழந்துவிடும் என்பது அதன் குறை. போர்க்காலக் கடலிலோ எண்ணெய்ப் படலத்திற்குப் பஞ்சமிருக்கவில்லை.

இரண்டாம் உலகப் போர் இவ்வரலாற்றைத் திருகோணமலையின் வாயிலுக்கே கொண்டுவந்தது. 1942 ஏப்பிரில் 9 ஆந் திகதி யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. தாக்குதலுக்கு முன்னரே துறையிலிருந்து வெளியேற்றப்பட்ட ‘ஹேர்மிஸ்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பல் அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. முந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ‘வீற்றா’ என்னும் மருத்துவக் கப்பல் நீரிலே தத்தளித்த நூற்றுக்கணக்கானோரை மீட்டது. அக்காலப் பிரித்தானியக் கடற்படையினர் அணிந்தது உடலைச் சுற்றிக் காற்றூதும் இறப்பர்ப் பட்டியே. அது மிதக்க வைத்தது. ஆனால் மயங்கியவனின் முகத்தை நீருக்கு மேலே நிறுத்தவில்லை.

இக்குறைபாட்டை ஆராய்ந்தவர்களுள் எட்கார் பாஸ்க் என்னும் மருத்துவர் குறிப்பிடத்தக்கவர். மயக்கமருந்துத் துறையைச் சேர்ந்த அவர், தம்மையே மயக்கமுறச் செய்து வெவ்வேறு அங்கிகளுடன் நீரில் இடச்செய்து, எது முகத்தை மேலே நிறுத்துகின்றது என்பதைச் சோதிக்கச் செய்தார். போரின் பின் 1946 இல் கடற்படையின் உயிர்காப்பு முறைகளை ஆராய்ந்த தல்பொட் குழுவும், கடலில் மாண்டோருள் பெரும்பகுதியினர் கப்பலோடு அமிழ்ந்தவரல்லர், கப்பலை விட்டு நீங்கியபின் நீரிலே இறந்தவரே என எடுத்துக்காட்டியது. இன்று உயிர்காப்பு அங்கிகள் 50, 100, 150, 275 நியூற்றன் என மிதப்பாற்றலுக்கேற்ப வகுக்கப்படுகின்றன. 50 நியூற்றன் அங்கி நீந்தத் தெரிந்தோருக்கு, உதவி அண்மையில் உள்ள இடத்திற்கு மட்டுமே உரியது. மயங்கியவனை அது புரட்டி நிமிர்த்தாது. சிறு படகுப் போட்டிகளிற் பெரும்பாலும் வழங்குவது இதுவேயாதலால், ‘உதவி அண்மையில்’ என்னும் நிபந்தனையை மறந்துவிட்டு அங்கியை மாத்திரம் வாங்குவது பாதி விதியைப் பின்பற்றுவதாகும்.

கடற்படைப் போட்டிகளும் போட்ஸ்மத் அளவுகோலும்

கப்பல்கள் நங்கூரமிட்டுத் தங்கும் துறைகளிலெல்லாம் படகுப் போட்டி விழா நடத்துவது பிரித்தானியக் கடற்படையின் நெடுநாள் வழக்கம். நீண்ட காலம் அதன் கிழக்கிந்தியத் தளமாக விளங்கிய திருகோணமலையின் உட்துறை இத்தகைய போட்டிகளுக்கு இயல்பாகவே ஏற்ற களம். 27 அடி ‘வேலர்’, 32 அடி ‘கட்டர்’, 14 அடி டிங்கி எனக் கப்பல்கள் சுமந்துவந்த படகுகள் அளவாலும் அமைப்பாலும் வேறுபட்டன. கடற்படையினரின் பாய்ப்படகுச் சங்கம் 1935 இல் தோன்றியது. வேறுபட்ட படகுகள் ஒருங்கே ஓடவேண்டுமாயின் காலச் சலுகை இன்றியமையாததாயிற்று.

போரை அடுத்த ஆண்டுகளில் இங்கிலாந்தின் போட்ஸ்மத் பகுதியில் சில்வுட் மில்லெட்ஜ் என்பார் உருவாக்கிய அளவுகோல் இச்சிக்கலுக்கு எளிய விடை தந்தது. அவர் படகை அளக்கவில்லை. படகுகள் போட்டிகளில் உண்மையாக எடுத்த நேரத்தையே திரட்டி ஒவ்வொரு வகைக்கும் ஓர் எண் வழங்கினார். ஓடிய நேரத்தை ஆயிரத்தாற் பெருக்கி அவ்வெண்ணால் வகுத்தால் திருத்திய நேரம் கிடைக்கும். சான்றாக, 1000 எண்ணுடைய படகு ஒன்று 60 நிமிடத்திலும், 1200 எண்ணுடைய படகு ஒன்று 70 நிமிடத்திலும் ஓடி முடித்தன எனக் கொள்வோம். முதலாவதன் திருத்திய நேரம் 60 நிமிடமே. இரண்டாவதன் திருத்திய நேரம் 58 நிமிடம் 20 செக்கன். பின்னால் வந்தது 1 நிமிடம் 40 செக்கனால் வெல்கின்றது. எச்சூத்திரத்தையும் ஏமாற்றப் படகை ஒடுக்கவேண்டிய தேவை இங்கில்லை. உள்ளூர்க் கழகங்கள் இதனை விரும்பி ஏற்றதில் வியப்பில்லை.

ஆயின் இங்குத்தான் காப்பு விதி உள்நுழைகின்றது. மேற்கூறிய முதலாவது படகு நங்கூரம், கயிறு, துடுப்பு, நீர் இறைக்கும் ஏனம் ஆகியவற்றைக் கரையிலேயே விட்டுச் சென்று 1 நிமிடம் 50 செக்கனை மீதப்படுத்தியது எனக் கொள்வோம். அதன் நேரம் 58 நிமிடம் 10 செக்கனாகிவிடும். பத்துச் செக்கனால் அதுவே வெல்லும். அவ்வெற்றி திறமையால் வந்ததன்று, காப்பை விற்றுப் பெற்றது. எல்லாப் படகும் ஒரே கருவிகளைச் சுமந்தால் மட்டுமே அளவுகோலின் எண்கள் உண்மை பேசும். ஆதலாற் கருவிப் பட்டியல் போட்டிக்குப் புறம்பான சுமையன்று. காலச் சலுகை முறை நேர்மையாய் இயங்குவதற்கான முதல் நிபந்தனையே அது. நேரத்திற்குச் சலுகை உண்டு. உயிருக்குச் சலுகை இல்லை என்பதே இம்முறையின் உள்ளார்ந்த நியதி எனலாம்.

இந்நியதியை மீறும் ஆசை போட்டியாளரிடம் எப்போதும் இருந்துள்ளது. படகின் விளிம்பில் உடலைச் சாய்த்துச் சமன்செய்யும்போது உடற்பாரம் கூடினால் வேகம் கூடும் என்பதை அறிந்து, ஈரமான கம்பளிச் சட்டைகளை அடுக்கடுக்காகவும் நீர்ப்பைகள் தைத்த அங்கிகளையும் அணிந்தோர் உண்டு. மிதக்க உதவவேண்டிய உடை அமிழ்த்தும் பாரமாயிற்று. பன்னாட்டு விதிகள் அணியும் உடையின் எடைக்கு வரம்பு விதித்து, காலப்போக்கில் அதனைப் பொதுவாக 8 கிலோகிராமாகக் குறைத்தன.

இதே காலத்திற் படகும் திருந்தியது. ஜாக் ஹோல்ட் 1949 இல் வரைந்த ஜீ.பி. 14, 1956 இல் வரைந்த என்ரபிறைஸ் ஆகியன இலங்கையிலும் நன்கறியப்பட்ட வகைகள். இத்தகைய படகுகளிற் காற்றுப் பைகளோ மூடிய அறைகளோ பொருத்தப்பட்டமையால், கவிழ்ந்தாலும் அவை மிதந்தன. நிமிர்த்தி மீண்டும் ஓடலாம். 1947 இற் கிளாக் மில்ஸ் சிறுவருக்கென வரைந்த ஒப்ரிமிஸ்ற் படகின் வகுப்பு விதி, காற்றுப் பைகள் மூன்று, துடுப்பு, நீர் இறைக்கும் ஏனம், ஊதுகுழல் இணைத்த மிதப்பங்கி என யாவற்றையும் கட்டாயமாக்குகின்றது. கட்டுமரம் அறிந்திருந்த மூழ்காமைத் தத்துவம் நீண்ட சுற்றுக்குப் பின் விதியாக எழுதப்பட்டது.

கருவியின் எல்லை

கருவி இருந்தாற் போதுமா? 1979 ஓகஸ்ட்டில் நிகழ்ந்த பாஸ்ற்நெற் போட்டி இவ்வினாவைக் கொடுமையாக எழுப்பியது. காலச் சலுகை முறையில் நிகழ்ந்த அப்போட்டியில் 303 படகுகள் புறப்பட்டன. 13 ஆந் திகதி இரவு வீசிய புயலிற் போட்டியாளர் 15 பேர் மாண்டனர். 24 படகுகள் கைவிடப்பட்டன. அவற்றுள் 5 மூழ்கின, 19 பின்னர் மிதந்த நிலையிற் கண்டெடுக்கப்பட்டன. மிதந்த படகை விட்டு மிதவைக்குத் தாவியோருட் சிலர் அம்மிதவை கவிழ்ந்து இறந்தனர். சிலரின் பாதுகாப்புப் பட்டிகள் வேண்டிய கணத்திற் பிடிவிட்டன. கருவியின் தரமும், அதனை எப்போது பயன்படுத்துவது என்னும் தெளிவும் கருவியளவு முக்கியமானவை என்பதை அவ்விரவு கற்பித்தது.

பன்னாட்டுப் போட்டி விதிகள் இன்று மூன்று கோட்பாடுகளை முன்வைக்கின்றன. போட்டியிற் கலந்துகொள்வதா, தொடர்ந்து ஓடுவதா என்னும் முடிவுக்குப் படகே பொறுப்பு என்பது ஒன்று. மஞ்சளும் சிவப்பும் சாய்கோடுகளாய் அமைந்த கொடி ஏற்றப்பட்டால் அனைவரும் மிதப்பங்கி அணிதல் வேண்டும் என்பது மற்றொன்று. நடுவரின் கண்ணுக்குத் தெரியும் அறிவிப்பு அது. ஆபத்திலுள்ள எவருக்கும் இயன்ற உதவி அனைத்தையும் செய்தல் கடமை என்பது மூன்றாவது; தலையாயதும் அதுவே. அவ்வாறு உதவியவன் இழந்த இடத்தை நடுவர்குழு ஈடுசெய்யலாம்.

இம்மூன்றாம் விதி வெறுஞ்சொல்லன்று. 1988 செப்டெம்பரில் தென்கொரியாவின் பூசான் கடலில் நடைபெற்ற ஒலிம்பிக் போட்டியில், கனடாவைச் சேர்ந்த லோறன்ஸ் லெமியூ தம் பந்தயத்தில் இரண்டாவதாக ஓடிக்கொண்டிருந்தார். வேறொரு பந்தயத்திற் கலந்துகொண்ட சிங்கப்பூர் வீரர் இருவரின் படகு கடுங்காற்றிற் கவிழ்ந்ததைக் கண்டு, தம் பாதையை விட்டு விலகிச் சென்று அவர்களை மீட்டார். மீட்புப் படகு வரும்வரை காத்திருந்தார். மிகவும் பின்தங்கியே இலக்கை அடைந்த அவருக்கு நடுவர்குழு இரண்டாம் இடத்தையே வழங்கியது. காலச் சலுகையின் மிக உயர்ந்த வடிவம் இதுவே. மெதுவான படகுக்கு நேரத்தை விட்டுக்கொடுக்கும் விதியின் உள்ளத்தில், உயிருக்காகச் செலவிட்ட நேரத்தைத் திருப்பிக் கொடுக்கும் அறமும் குடிகொண்டுள்ளது.

கொட்டியாரக் குடாவுக்கு உரிய விதி

இவ்வரலாற்றின் வெளிச்சத்தில் திருகோணமலையை மீண்டும் நோக்குவோம். 1957 ஒக்ரோபர் 15 ஆந் திகதி பிரித்தானியர் இக்கடற்படைத் தளத்தை இலங்கையிடம் கையளித்தனர். தளம் கைமாறியது, படகும் போட்டியும் கடற்படைப் பயிற்சியின் கூறாகத் தொடர்ந்தன. பின்வந்த போர்க்காலத்தில் இக்கரையின் கடற்றொழில் கடுங்கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டது. குடிமக்கள் பொழுதுபோக்காகப் பாய் விரிப்பது எண்ணவும் இயலாததாயிற்று. 2009 இற் போர் முடிந்தபின் கடல் மெல்லத் திறந்தது. இன்று இக்குடாவிற் சிறு படகுப் போட்டி நடத்த விழையும் எவரும் பிறநாட்டு விதிப் பட்டியலை அப்படியே எடுத்தாளுதல் தகுமா என்பது ஆராய்தற்குரியது.

எடுத்துக்காட்டாக, நங்கூரத்தை நோக்குவோம். ஆழங்குறைந்த கழிமுகங்களில் ஓடும் படகுக்கு நங்கூரமே முதற் காப்பு. உட்துறையின் ஓரங்களில் அது இங்கும் பயன்படும். ஆயின் குடாவின் நடுவே, கரைக்கு அண்மையிலேயே அடிநிலம் செங்குத்தாக இறங்கும் இடத்திற் சிறு படகின் கயிறு நிலத்தைத் தொடாது. கச்சான் அப்படகைக் கடலுக்கு இழுக்கையில் நங்கூரம் வெறும் பாரமாகவே தொங்கும். ஆகவே இங்குத் துடுப்பும், இழுத்துச் செல்வதற்கான வலுவான கயிறும், காற்றின் கீழ்ப்புறத்தில், அதாவது குடாவின் வாயில் பக்கத்தில், காத்து நிற்கும் இயந்திரப் படகுமே முதன்மை பெறவேண்டும். புறப்பட்டோரின் பெயரைப் பலகையிற் பொறித்து, திரும்பியோரின் பெயரை அழிக்கும் எளிய வழக்கம் எந்தக் கருவிக்கும் குறைந்ததன்று. ஒரு பெயர் எஞ்சி நின்றால் தேடுதல் உடனே தொடங்கும். கச்சானில் ஒரு மணிநேரத் தாமதம் என்பது பல மைல் தூரமாகும்.

இனி, விளையாட்டுக்கு அப்பால் ஒரு வினா எழுகின்றது. இதே நீர்ப்பரப்பைத் தினமும் கடப்போர் போட்டியாளர் அல்லர். மூதூரிலும் கிண்ணியாவிலும் வாழும் மீனவர், தொழிலாளர், மாணவர். துறையாற் பிரிக்கப்பட்ட இவ்வூர்களின் போக்குவரத்து நெடுங்காலம் படகுகளையும் பாதைகளையுமே நம்பியிருந்தது. 2009 இற் கிண்ணியாப் பெரும்பாலம் திறக்கப்பட்டமை ஒரு திருப்பம். ஆயினும் 2021 நவம்பர் 23 ஆந் திகதி காலை, பாலவேலை நடைபெற்றுக்கொண்டிருந்த குறிஞ்சாக்கேணியிற் பயணிகளை ஏற்றிய படகுப் பாதை கவிழ்ந்தது. அன்று ஆறு உயிர்கள் பறிபோயின. அவர்களுட் பெரும்பாலோர் சிறுவர். அவர்கள் எந்தப் பந்தயத்திற்கும் செல்லவில்லை. பள்ளிக்கும் வேலைக்கும் சென்றவர்கள்.

ஒப்ரிமிஸ்ற் படகிற் பொழுதுபோக்காக ஏறும் பத்து வயதுச் சிறுவனுக்கு மிதப்பங்கியும் ஊதுகுழலும் கட்டாயம் என விதி உண்டு. அவ்வங்கி இன்றி அவன் புறப்பட முடியாது. புறப்பட்டால் நடுவர் விலக்குவர். அதே வயதில், அதே மாவட்டத்தில், கல்விக்காக நீரைக் கடக்கும் குழந்தையை அத்தகைய நடுவர் எவரும் கரையில் நிறுத்திப் பார்ப்பதில்லை எனின், விதியின் வரலாறு இன்னும் பாதி வழியிலேயே நிற்கின்றது என்பதன்றி வேறென்ன கூறுவது?

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று உண்மைகள் புலனாகின்றன. முதலாவது, காப்பு விதிகளிற் பெரும்பாலானவை அறிவால் முன்கூட்டி எழுதப்பட்டவையல்ல. விற்பியின் பன்னிருவர், ‘ஊனா’வின் மாலுமிகள், பாஸ்ற்நெற்றின் பதினைவர் எனப் பலரின் மரணம் அவற்றுக்கு முன்சென்றது. இரண்டாவது, காலச் சலுகை முறை நேர்மையாக இயங்க வேண்டுமாயின் காப்புக் கருவிகள் எல்லோருக்கும் பொதுவாகவும், எவராலும் பேரம்பேச முடியாதனவாகவும் இருத்தல் வேண்டும். மூன்றாவது, அக்கருவிகளின் பட்டியல் உள்ளூர்க் காற்றையும் ஆழத்தையும் அறிந்தோரால் வகுக்கப்படல் வேண்டும். மூவாள் காற்றை அறிந்த மரபும், கட்டுமரத்தை அமைத்த மரபும் வாழ்ந்த கரையில் அத்தகைய அறிவுக்குப் பஞ்சமில்லை.

திருகோணமலையிற் பாய்ப்படகுப் போட்டிகள் பெருகுதல் விரும்பத்தக்கதே. பெருங்கப்பல்களுக்கே உரியதெனக் கருதப்பட்ட இத்துறையை நம் இளைஞர் தம் கையாற் சுக்கான் பிடித்து அறிந்துகொள்ள அது வழிசெய்யும். கவிழ்ந்த படகை நிமிர்த்தவும், அங்கியின் தரத்தைச் சோதிக்கவும், புறப்படாதிருக்க முடிவெடுக்கவும் போட்டியிற் பயின்ற ஒருவன், தன் ஊர்ப் பாதையில் அளவுக்கு மீறி ஆளேற்றப்படும்போது வாளாவிருக்கமாட்டான். கழகங்களும் பாடசாலைகளும் இப்பயிற்சியை மீனவக் கிராமங்களின் பிள்ளைகளுக்கும் திறந்துவிடுமாயின், போட்டிக்கென எழுதப்பட்ட விதி துறை முழுவதற்கும் உரிய வழக்கமாக மாறும். அடுத்த விதியேனும் ஒரு மரணத்திற்குப் பின்னரன்றி, அதற்கு முன்னரே எழுதப்பட்டது என்னும் பெருமை திருகோணமலைக்கு வாய்ப்பதாக.